சுவருக்குள் ஓடும் நெருப்பும் கம்பத்தில் ஏறியிருக்கும் மனிதரும்



வயரிங், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் என்று ஒரு மத்ரஸா ஆசிரியர் எழுதப் புகுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என் தாய்மாமா மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன். நான் ஓதச் செல்வதற்கு முன்பு, பள்ளி விடுமுறைகள் முழுவதும் அவருடைய ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. கட்டிங் பிளேயரை எடுத்துக் கொடுக்கத் தாமதமானால் தலையில் ஒரு குட்டு விழும். எந்த வீட்டுக்குச் சென்றாலும் அவர் முதலில் சுவிட்சைப் பார்க்கமாட்டார். மெயின் போர்டைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். சூடேறிக் கருகும் வயரின் வாடை அவருக்கு அவ்வளவு பழக்கம். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. ஃபாத்திஹா ஓத அழைக்கும் வீடுகளில்கூட என் கண் மெயின் போர்டின் பக்கம் போய்விடுகிறது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதர்களுக்குப் பகையாக இருப்பதை உணர்த்தி, உறங்கும் முன் அதை அணைத்துவிடுமாறு ஏவினார்கள். அபூமூசா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி வருகிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியில் காரணமும் சொல்லப்படுகிறது: எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும். இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் யாரேனும் ஒரு மாணவன் கேட்டுவிடுவான், "ஹஜ்ரத், இப்ப திரி ஏது? எலி எதை இழுக்கும்?" என்று.

எலி இழுப்பதில்லை, கடிக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றைத் தேய்த்துக்கொள்ள அது எதையாவது கொறித்தே ஆகவேண்டும். பரணிலும் பொய்க்கூரையின் மேலும் ஓடும் வயரின் பிளாஸ்டிக் உறை அதற்கு வசதியாக அமைந்துவிடுகிறது. உறை போன இடத்தில் செம்பு வெளியே தெரியும். பேஸும் நியூட்ரலும் அங்கே நெருங்கினால் தீப்பொறி பறக்கும். பக்கத்தில் தென்னங்கீற்றோ பழைய பாயோ அட்டைப் பெட்டியோ இருந்துவிட்டால் பிறகு சொல்லவேண்டியதில்லை. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சுட்டிக்காட்டப்பட்ட அதே பிராணி, அதே வேலையை வேறொரு திரியில் செய்கிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு எழுதிய விளக்கம் கவனத்திற்குரியது. பள்ளிவாசல்களில் உயரத் தொங்கவிடப்படும் விளக்குகளால் தீப்பற்றும் அச்சம் இருந்தால் அவையும் இந்தக் கட்டளைக்குள் அடங்கும். அச்சமில்லை என்றால் அவற்றை எரியவிடுவதில் குற்றமில்லை, ஏனெனில் தடைக்குரிய காரணம் அங்கே நீங்கிவிடுகிறது என்பது அவர்களது கருத்து. காரணம் நீங்கினால் தடையும் நீங்கும் என்றால், காரணம் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கத்தானே வேண்டும்? விளக்கை ஊதி அணைப்பது எளிது. சுவருக்குள் ஓடும் நெருப்பை ஊதி அணைக்க இயலாது. அதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும்.

நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். முற்றம், மரத்தூண், மரப்பட்டியின் மேல் ஓட்டிய வயரிங். அதைச் செய்த காலத்தில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது நான்கு பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு வானொலிப்பெட்டி. பிறகு பயணக்காரர்களின் உழைப்பால் வசதி வந்தது, அல்ஹம்துலில்லாஹ். வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர், பெரிய ஃபிரிட்ஜ், இரண்டு ஏ.சி. என்று வீடு நிறைந்தது. சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். வயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. 2,000 வாட் ஹீட்டர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. அதற்குச் சற்றே குறைவு. வயருக்குள் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். விளக்குக்குப் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரில் இவ்விரண்டையும் சேர்த்து ஓட்டுவது, ஒட்டகத்தின் சுமையை ஆட்டுக்குட்டியின் முதுகில் ஏற்றுவதாகும். ஹீட்டருக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நான்கு சதுர மில்லிமீட்டர் என்று தனித்தனியே மெயின் போர்டிலிருந்து இழுப்பதே முறை.

ஸஹர் நேரத்துச் சமையலறையையும் இங்கே சொல்லவேண்டும். பின்னிரவு மூன்றரை மணிக்கு மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கும். தொட்டால் அந்த வயர் வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு ஒரு நாள் ஃபியூஸ் போகும். வீட்டில் இருக்கும் பையன் தடித்த செம்புக் கம்பியை ஃபியூஸ் கட்டையில் சுற்றிப் பொருத்திவிட்டு, இனிமேல் போகவே போகாது என்பான். அவன் சொல்வது உண்மைதான். இனி ஃபியூஸ் போகாது, வயர் போகும். எம்.சி.பி. வந்த வீடுகளிலும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. 16 ஆம்பியர் அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்பியர் மாட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் வரும் பெட்டிகளில் சதுர முனைகள் கொண்ட மூன்று பின் பிளக்கோடு அயர்ன் பாக்ஸ், அரைவை இயந்திரம் எல்லாம் வருகின்றன. நம் சுவரில் இருப்பது வட்டத் துளை. எனவே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரை முறுக்கித் தீக்குச்சியால் சாக்கெட்டில் செருகுகிறார்கள். வெட்டி எறிந்த அந்தப் பிளக்குக்குள்தான் ஒரு சிறு ஃபியூஸ் இருந்தது. மூன்றாவதாக இருந்த பச்சை மஞ்சள் வயர் எர்த். அதையும் சேர்த்துத் துண்டித்துவிட்டார்கள். ஆசையாக வாங்கி அனுப்பிய மகனுக்கு இது தெரியாது. ஊருக்கு வந்ததும் நம் நாட்டு மூன்று பின் பிளக்கை எர்த்தோடு முறையாகப் பொருத்தினால் முடிந்தது. 100 ரூபாய்க்கும் குறைவான செலவு.

எம்.சி.பி. இருக்கிறதே, பிறகென்ன அச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. எம்.சி.பி. காப்பது வயரை, மனிதனை அன்று. 6 ஆம்பியர் தாண்டினால்தான் சிறியதொரு எம்.சி.பி. அசைந்து கொடுக்கும். மனித இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. மனிதனைக் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி.; நம் ஊர்களில் பழைய பழக்கத்தால் இ.எல்.சி.பி. என்பார்கள். பேஸில் சென்ற மின்சாரம் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் யாருடைய உடல் வழியாகவேனும் மண்ணுக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடிக்கும் குறைந்த நேரத்தில் துண்டித்துவிடும். பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் மட்டும் அதற்குத் தெரியாது. அதுவரை செல்லும் அறிவு அதற்கில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மழைக்காலத்தில் இது அடிக்கடி விழுந்தது. வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி, நேரடியாக இணைத்துவிட்டுப் போனார். வீட்டாருக்கு மகிழ்ச்சி. மூன்றாம் மாதம் அந்த வீட்டு மருமகளுக்கு ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டபோது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. தோள் எலும்பு முறிந்தது. எர்த் குழியில் கரியும் உப்பும் கரைந்துபோய்ப் பல கோடைகள் ஆகியிருந்தன. காவலாளி கத்துகிறான் என்பதற்காக அவனை வேலையை விட்டு நீக்கியதற்கு ஒப்பானது இது. அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு வட்டமாக அணைத்துப் பார்த்து, கசியும் கருவியைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.

அடுத்து இன்வெர்ட்டர். 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட மின்சாரம் இல்லாத அந்த நாள்களில்தான் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் நுழைந்தது. அவசரத்தில் வாங்கி, அவசரத்தில் மாட்டினார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் காகிதக் கணக்குக்கு 1,800 வாட் மணி இருக்கும். இழப்புகள் போக, நான்கு மின்விசிறியும் ஆறு எல்.இ.டி. விளக்கும் மூன்றரை மணி நேரம் ஓடினால் அது நியாயம். அதில் ஃபிரிட்ஜையும் மிக்ஸியையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவது வீண். 12 வோல்ட்தானே என்று அலட்சியமும் கூடாது. 700 வாட் சுமைக்கு அந்தத் தடித்த வயரில் 60 ஆம்பியர் ஓடுகிறது. முனையில் நட்டு தளர்ந்திருந்தால் அங்கே ஈயம் உருகும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றோட்டமில்லாத மாடிப்படி அடியில் அதை அடைத்துவைத்து, வியாழன் மாலை அதே மூலையில் சாம்பிராணித் தட்டையும் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து தட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் பலரும் அறியாத ஒன்று உண்டு. மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி., வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் துண்டிக்கும். பேட்டரியிலிருந்து வருவது அதன் ஆட்சிக்கு உட்பட்டதன்று. இன்வெர்ட்டரைத் தாண்டி அந்த வட்டத்துக்கென இன்னொன்று வைக்கவேண்டும். அதற்கு நியூட்ரலும் தனியே பிரித்திருக்கவேண்டும். பிரிக்காமல் எல்லா நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவைத்தால் கணக்கு இடித்துக் காரணமின்றி விழும். மீண்டும் யாரோ ஒருவர் வந்து கழற்றி வீசுவார். மெயினை அணைத்துவிட்டேன் என்று நம்பி மின்விசிறியைக் கழற்ற ஏறுபவர், இன்வெர்ட்டர் உயிரோடு இருப்பதை மறந்துவிடுகிறார். கரண்ட் இல்லை என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கும் இடத்தில் கரண்ட் இருப்பதுதான் இந்த மாற்று ஏற்பாடுகள் அனைத்திலும் உள்ள ஆபத்து.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் இருள். வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்பணியாளர்கள் வந்து, பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் படுத்து எழுந்து, கம்பம் நட்டார்கள். அந்த நாள்களில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் கைபேசி சார்ஜ் போடவும் ஜெனரேட்டர் மணிக் கணக்கில் வாடகைக்கு ஓடியது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டார் ஜெனரேட்டர் எடுத்து வந்தார்கள். இரு முனையிலும் பிளக் உள்ள வயர் ஒன்றைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை வரவேற்பறைச் சாக்கெட்டிலும் செருகினார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிந்தது. மெயின் சுவிட்ச் அணைக்கப்படவில்லை. அடுத்த சில நொடிகளில் பக்கத்து மூன்று வீடுகளிலும் பல்புகள் மங்கலாக, மஞ்சளாக எரியத் தொடங்கின. பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து, "கரண்ட் வந்துருச்சு! கரண்ட் வந்துருச்சு!" என்று கூச்சலிட்டார்கள். அஸருக்குப் பின் நானும் வாசலில்தான் நின்றிருந்தேன்.

நான்கு கம்பம் தள்ளி ஏணியில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் குரல் கேட்டு, பாதி ஏணியில் அப்படியே நின்றுவிட்டார். கீழே நின்ற மூத்த லைன்மேன் டெஸ்டரைக் கொண்டு கம்பியைச் சோதித்துவிட்டு வீடு வீடாக வந்தார். அந்த வீட்டு வாசலில் நின்று அவர் பேசியது இன்றும் என் காதில் இருக்கிறது. கோபமாகப் பேசவில்லை.

"பாய், நாங்க ஃபியூஸைப் புடுங்கிட்டுத்தான் ஏறுறோம். புடுங்கினதுக்கு அப்புறமும் கம்பியில உயிர் இருந்தா, அது ஈ.பி. குடுத்த உயிர் இல்ல. உங்க வீட்டு ஹால்ல இருந்து வர்றது."

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, சத்தியமா எங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுக்குள்ளதானே சுத்தும்னு நெனச்சோம்" என்றார்.

"கம்பிக்குப் போற பக்கம், வர்ற பக்கம்னு கிடையாது பாய்" என்று சொல்லிவிட்டு லைன்மேன் தண்ணீர் கேட்டார். ஏணியில் நின்ற பையனுக்கும் சேர்த்துத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தர்மபுரிப் பக்கம் என்றான்.

லைன்மேன் சொன்னது முழு உண்மை. 11,000 வோல்ட்டைக் குறைத்து நம் தெருவுக்குத் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், தெருப் பக்கத்திலிருந்து மின்சாரம் ஏறினால் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி மேல்கம்பிக்கு அனுப்பும். டிரான்ஸ்ஃபார்மர் வரை போகாவிட்டாலும், தெருக் கம்பியில் நிற்கும் 230 வோல்ட்டே ஒருவரைக் கீழே தள்ளப் போதும். மெயினை நினைவாக அணைத்துவிட்டால் போதாதா என்றால், இருட்டிலும் பதற்றத்திலும் மனிதனின் நினைவை நம்பி இன்னொருவரின் உயிரை வைப்பது முறையன்று. அந்த இருமுனை வயரின் ஒரு பக்கம் கழன்றாலே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்களில் முழு மின்சாரமும் இருக்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் என்ன ஆகும்?

இதற்குச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் என்று ஒன்று உள்ளது. கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின்வாரியம், மறுபக்கம் இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டுமில்லை. இரண்டும் சேர்ந்து இணைவதற்கு வழியே இல்லாதபடி அதன் அமைப்பு இருக்கும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் வகையாகப் பார்த்து வாங்கவேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். முற்றத்திலோ மாடிப்படி அடியிலோ ஓடவிட்டால் அதன் புகையில் உள்ள நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு, உறங்குபவரை எழவிடாது. கூரைமேல் சோலார் போட்ட சகோதரர் ஒருவர், வெயில் கொளுத்தும் நண்பகலில் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தினால் தன் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று என்னிடம் குறைப்பட்டார். பேட்டரியின்றி மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார் அப்படித்தான் நிற்கவேண்டும். கம்பத்தில் யாரோ ஏறியிருக்கக்கூடும் என்பதால் அதை வடிவமைத்தவர்களே அவ்வாறு செய்திருக்கிறார்கள்.

ஏணியில் நின்ற அந்தப் பையனை நாம் முன்பின் பார்த்ததில்லை. அவன் பெயரும் நமக்குத் தெரியாது. நம் வீட்டுக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பது அவனுக்கும் தெரியாது. இருந்தும் அவனுடைய ஹக்கு நம் வரவேற்பறைச் சாக்கெட்டில் இருந்தது. அடியார்களின் உரிமை பற்றி வகுப்பில் கடன், வாடகை, வாரிசுப் பங்கு என்று எடுத்துக்காட்டுகள் சொல்வது வழக்கம். நான் இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர், அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்று நபிமொழி உள்ளது. அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. மற்றத் தொழில்களுக்கும் இது பொருந்தும் என்பதே நான் கற்ற பாடம். கூலி குறைவு என்பதற்காகச் சான்றிதழ் இல்லாதவரை அழைத்து மெயின் போர்டைத் திறக்கச் சொல்பவருக்கு அந்தப் பொறுப்பில் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிக்காஹ் வீட்டுப் பந்தலில் இரும்புத் தூண் மீது சீரியல் செட்டை ஒட்டுப் போட்டுச் சுற்றுபவர்களுக்கும், அதைப் பார்த்துக்கொண்டு பிரியாணிக் கணக்கு மட்டும் போடும் ஜமாஅத்தாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆண்கள் பயணத்தில் இருக்கும் வீடுகளில் மெயின் சுவிட்ச் எது, இன்வெர்ட்டர் சுவிட்ச் எது என்று உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்து, அதன் அருகே தமிழில் எழுதி ஒட்டுங்கள். யாருக்கேனும் ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, முதலில் அந்த இரண்டையும் அணைக்கவேண்டும் என்பதைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார்: "ஹஜ்ரத், வயரிங் முழுசா மாத்த ஒரு லட்சம் கேக்குறாங்க. ஓடிக்கிட்டு இருக்குறதை ஒடைச்சு மாத்துறது இஸ்ராஃப் ஆகாதா?" அவர்கள் வீட்டு முகப்புக்கு அண்மையில்தான் கிரானைட் போட்டிருந்தார்கள். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. முழுவதும் ஒரே நேரத்தில் மாற்றவேண்டியதில்லை, முதலில் எர்த் குழியையும் ஆர்.சி.சி.பி.யையும் பாருங்கள், பிறகு ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் தனி வயர், மற்றது அடுத்த ஆண்டு என்றேன். அவர்கள் முதல் இரண்டையும் செய்துவிட்டார்கள்.

எங்கள் மத்ரஸாவில் மாதத்தின் முதல் சனிக்கிழமை, மூத்த மாணவர்கள் இருவர் ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துவார்கள். மின்விசிறிகள் நிற்கும், சிறியவர்கள் ஆரவாரம் செய்வார்கள், ஒருவர் நோட்டில் தேதி எழுதுவார். சென்ற மாதம் அழுத்தியபோது மின்விசிறி நிற்கவில்லை. மூன்று முறை அழுத்திப் பார்த்தோம். அன்று வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டு, மாலைக்குள் புதியதை மாட்டினோம். ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆனது. பழையதை மாணவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.